மெக்காலே விட்டுச்சென்ற ஒரு வரி

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தோழியின் வீட்டு மாடியில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். எட்டுப் பேர் வந்தால் அதிகம். அப்படி ஒரு ஞாயிறு, கல்லூரி மாணவி ஒருத்தி தன் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்த செய்தியைப் படித்துக் காட்டினாள். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரரைக்கூடப் பார்க்கவில்லை என்றாராம். இந்த நாட்டை அடக்க வேண்டுமானால் இதன் கல்வியை உடைக்க வேண்டும் என்றாராம்.

"இது உண்மையாக்கா?" என்று கேட்டாள்.

உண்மையில்லை. அந்தத் தேதியில் அவர் லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அன்று அவர் எழுதியது கல்வி பற்றிய ஓர் அலுவல் குறிப்பு. அதில் இந்தியாவுக்குப் புகழ்ச்சி எதுவும் கிடையாது, ஏளனம்தான் நிறைய.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800-இல் பிறந்தவர். 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் எழுதிய கட்டுரைகளால் இளம் வயதிலேயே பேர் பெற்றார். பின்னாளில் அவர் எழுதிய இங்கிலாந்து வரலாறு அந்தக் காலத்தில் மிக அதிகமாக விற்ற நூல்களில் ஒன்று. இடையில் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு சம்பளம். 1834 ஜூனில் தங்கை ஹன்னாவுடன் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினார். உதகையில் இருந்த பெண்டிங் பிரபுவைப் பார்க்க, பல்லக்குத் தூக்கிகளின் தோளில் மலையேறினார். பிறகு கல்கத்தா. 1838-இல் ஊர் திரும்பிவிட்டார். இந்த நாட்டில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகூட இல்லை.

கல்விக் குறிப்பில் அவர் கேட்டது இதுதான்: அரசுப் பணத்தைச் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் செலவிடாமல் ஆங்கிலக் கல்விக்குச் செலவிட வேண்டும், எல்லோருக்கும் கற்பிக்க வசதியில்லாததால், ஆள்பவருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கும் ஒரு சிறு வகுப்பை உருவாக்கினால் போதும். இந்தியப் பெண்களின் படிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் வேறொரு நாட்டுச் சிறுமிகள் அதில் தலைகாட்டுகிறார்கள். இந்திய வானியலைக் கேட்டால் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிச் சிறுமிகள்கூடச் சிரிப்பார்கள் என்று கேலி செய்ய அவர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். அறிவின் கடைசிப் படியில் ஒரு சிறுமியை நிறுத்தினால் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் அவருக்கு முன்பு நம் பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்களா? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் தந்த தொகுப்பில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பையன்கள் 1,84,110 பேர், பெண் பிள்ளைகள் 4,540 பேர். நாற்பது பையன்களுக்கு ஒரு பெண். எழுத்தறிவு குடும்பப் பெண்ணின் அடக்கத்துக்கு ஒவ்வாது, ஆடல் மகளிருக்கே உரியது என்று கருதப்பட்டதையும் மன்றோ எழுதி வைத்திருக்கிறார். மெக்காலே உடைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பொற்காலத் திண்ணையில் நமக்கு உட்கார இடம் இருந்ததில்லை.

மெக்காலேயை வாழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 25-ஐக் கொண்டாடியிருக்கிறார். உத்தரப் பிரதேசத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட 2010-இல் முயன்றார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், சமஸ்கிருதக் கல்வி யாருக்கு மூடிக் கிடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படியுங்கள் என்று சாவித்திரிபாய் புலே கவிதை எழுதியதும் அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்றுதான். நானும் ஆங்கிலம் படித்துத்தான் சம்பாதிக்கிறேன்.

ஆனாலும் பெண்களின் கையில் பலகையைக் கொடுத்தது மெக்காலே அல்ல. 1848-இல் புனேயில் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் போன்றவர்கள் அதைச் செய்தார்கள். இங்கே முத்துலட்சுமி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே தனிப் பெண்ணாக உட்கார்ந்து படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் தேறினார். அடையாறில் அவ்வை இல்லமும் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனையும் அவரால் எழுந்தன. சிறு வகுப்புக்காகத் திறந்த கதவை இவர்கள் நெருக்கித் தள்ளித்தான் உள்ளே போனார்கள்.

தாம்பரத்தில் ஆங்கிலக் கல்வி என்றதும் எல்லோரும் கை காட்டுவது கிறிஸ்தவக் கல்லூரியை. 1837-இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, சரியாக நூறு ஆண்டு கழித்து 1937-இல் இங்கே குடிவந்தது. அதே 1837-இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இன்னொரு காகிதக் கட்டை முடித்து அரசிடம் கொடுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவு அது. அதைப் பற்றி வாட்ஸப்பில் செய்தி வருவதில்லை.

பெண்களாகிய நாம் மெக்காலேயோடு வழக்காட வேண்டிய இடம் இந்தக் கட்டுதான். வன்புணர்ச்சி எது என்று சொல்லிவிட்டு, வரைவு ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது: கணவன் தன் மனைவியிடம் கொள்ளும் உறவு எந்த நிலையிலும் வன்புணர்ச்சி ஆகாது. மனைவிக்கு வயது வரம்புகூட அதில் இல்லை. திருமணத்தின்போது கொடுத்த சம்மதத்தை மனைவி திரும்பப் பெற முடியாது என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி மாத்யூ ஹேல் எழுதியதன் வாரிசு இந்த வரி.

இதே வரைவின் குறிப்புகளில் வேறொரு மெக்காலேயும் தெரிகிறார். பிறன்மனை உறவை அவர் குற்றமாக்கவில்லை. இந்த நாட்டுப் பெண்கள் சிறுமிகளாக இருக்கும்போதே மணம் முடிக்கப்படுகிறார்கள், இளமையிலேயே ஒதுக்கப்படுகிறார்கள், கணவனைப் பல மனைவியரோடு பங்கிட்டுக்கொள்கிறார்கள். கணவனுக்கு இவ்வளவு சலுகை இருக்கையில் மனைவியின் பிறழ்வைத் தண்டிக்க மனமில்லை என்பது அந்த வாதம். பின்னால் வந்தவர்கள்தான் 497-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. மனைவியை உடைமையாகப் பார்த்த அந்தப் பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இதே நாட்டில் சிறுமிகள் மனைவியாக்கப்படுவதைக் கண்டு எழுதிய ஆணையம்தான் அந்தச் சிறுமியின் படுக்கையறையைச் சட்டத்துக்கு வெளியே விட்டது.

மெக்காலே 1859 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியபோது மனைவிக்குப் பத்து வயது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 1890-இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனின் வன்முறையால் இறந்தாள். அவள் பத்து வயதைத் தாண்டியிருந்ததால் வன்புணர்ச்சி வழக்குக்கே வழியில்லை. கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுச் சிறை. அவள் சாவுக்குப் பிறகு 1891-இல் வரம்பு 12 ஆனது. 1925-இல் 13, 1940-களில் 15. 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 18. வயது ஏறிக்கொண்டே வந்தது. வளர்ந்த பெண்ணுக்கு மட்டும் அந்த வரி அப்படியே நின்றது.

அந்த வரியைக் கொடுத்த இங்கிலாந்தே 1991-இல் அதைக் கைவிட்டது. இங்கே 2013-இல் வர்மா குழு நீக்கச் சொன்னது, நடக்கவில்லை. 2022-இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். காலனியச் சட்டத்தை ஒழிக்கிறோம் என்ற முழக்கத்தோடு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியது, எண்கள் மாறின. பிரிவு 63, விதிவிலக்கு 2 என்று அந்த வரி அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. மெக்காலேயை நாட்டைவிட்டு விரட்டுவதாகச் சொன்னவர்கள் அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

இதையெல்லாம் பேசி முடித்தபோது, மெப்ஸில் வேலை பார்க்கும் தோழி வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "நான் ஒருதரம் ஸ்டேஷனுக்குப் போனேங்க. 'புருஷன்தானேம்மா'ன்னு அனுப்பிட்டாங்க. அந்த போலீஸம்மாவா சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையையும் கணக்கில் எடுக்கிறது, பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். "அது சரிங்க. ஆனா நடந்ததுக்குப் பேரு அதுதானே?" என்றார். அவர் கேட்ட பெயரைச் சட்டம் இன்னும் தர மறுக்கிறது.

மாணவி அன்றிரவு குடும்பக் குழுவில் எழுதினாள்: அந்தப் பேச்சு பொய். மெக்காலே எழுதிய உண்மையான வரி ஒன்று இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பிரிவு 63-ஐப் படியுங்கள். வெகுநேரம் பதில் இல்லை. கடைசியில் பெரியப்பா ஒருவர், "இதெல்லாம் குரூப்ல வேண்டாம்மா" என்று போட்டார். அவர் அனுப்பிய பழைய செய்தி மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.