காற்றின் வழியைக் கோடாக்கியவர்கள்

அழுத்தக்காற்றால் ஓடும் இயந்திரங்களை மனிதன் முதலில் செய்துவிட்டான். அவற்றை வரையக் கற்றது வெகு காலம் கழித்துத்தான். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்த எனக்கு அந்த இடைவெளியின் கதை மிகவும் பிடிக்கும்.

இன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி சுரங்கப்பாதையை ஆல்ப்ஸ் மலைக்குள் 1857இல் வெட்டத் தொடங்கினார்கள். 1861 முதல் ஜெர்மேன் சொமெய்யேயின் அழுத்தக்காற்றுத் துளைக்கருவிகள் அங்கே பாறையைக் குடைந்தன. 1871 செப்டம்பரில் பாதை திறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

ரயில் பெட்டிகளுக்குக் காற்று பிரேக்கை 1869இல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். சில ஆண்டுகளில் அவர் சேர்த்த ‘டிரிப்பிள் வால்வு’ மூன்று வேலை செய்தது: காற்றை நிரப்பும், பிரேக்கைப் பிடிக்கும், விடுவிக்கும். இதை எப்படி விளக்குவது? வால்வை நெடுக்காக அறுத்த மாதிரி வெட்டுப்படம் வரைந்தார்கள். நிலைக்கு ஒரு படம். ஒரு வால்வுக்கு அது போதும். பிறகு கார் தொழிற்சாலைகளில் ஒரே இயந்திரத்தில் பல வால்வுகள் வந்தன. ஒவ்வொன்றின் உடம்பையும் வரைந்தால் காற்று போகும் வழி தாளில் தொலைந்துபோகும்.

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில்துறையினர் ஜே.ஐ.சி. என்ற கூட்டமைப்பின் வழியே, உடம்புக்குப் பதிலாக வரையும் குறியீடுகளை ஒழுங்குபடுத்தினார்கள். ஐரோப்பியர் அதே துறைக்கு 1962இல் செட்டாப் என்ற குழுவை அமைத்தார்கள். 1976இல் ஐ.எஸ்.ஓ. 1219 என்ற தரநிலை வெளிவந்து, உலகுக்கே பொதுவான குறியீடுகளைத் தந்தது.

அந்த முறையின் உயிர் ஒன்றுதான்: வால்வின் உருவத்தை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையை மட்டும் வரைவது. வால்வுக்கு எத்தனை நிலையோ அத்தனை பெட்டி, ஒட்டி ஒட்டி. பெட்டிக்குள் அம்பு இருந்தால் காற்று போகும். குறுக்குக்கோடு இருந்தால் அடைப்பு. ஐந்து வழி, இரண்டு நிலை என்றால் அது ஃபைவ்-டூ வால்வு. ஓரத்தில் உள்ள ஜிக்ஜாக் கோடு ஸ்பிரிங். ஒரு பக்கம் ஸ்பிரிங் உள்ள இரண்டு நிலை வால்வை யாரும் இயக்காதபோது ஸ்பிரிங் பக்கத்துப் பெட்டிதான் நடப்பில் இருக்கும். குழாய்க்கோடுகளையும் அந்தப் பெட்டியில்தான் இணைப்பார்கள். எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் இயந்திரங்களுக்கும் இதே குறியீடுகள்தான்: உள்ளே நிரப்பிய முக்கோணம் எண்ணெய், வெற்று முக்கோணம் காற்று. வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். காற்றை வெளியே விட்டுவிடலாம் என்பதால் அதற்குத் திரும்பு குழாய் வரைவதில்லை.

வால்வில் குழாய் மாட்டும் வாசல்களுக்கு முன்பெல்லாம் எழுத்துகள் இருந்தன: பி என்றால் காற்று வரும் வாசல், ஏ, பி என்றால் சிலிண்டருக்குப் போகும் வாசல்கள், ஆர், எஸ் என்றால் வெளியேற்றம். தமிழில் எழுதினால் இரண்டு ‘பி’யும் ஒன்றாகிவிடும், பிறகு வந்த எண்களில் அந்தத் தொல்லை இல்லை. 1 வரவு, 2, 4 சிலிண்டருக்கு, 3, 5 வெளியேற்றம். கட்டுப்பாட்டு வாசலில் 14 என்று இருந்தால், அங்கே அழுத்தம் கொடுத்ததும் 1 போய் 4இல் சேரும். 12 என்றால் 2இல் சேரும். வால்வு என்ன செய்யும் என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. நான் பார்த்த பழைய இயந்திரங்களின் படங்களில் எழுத்தும், புதிதாக வாங்கிப் பொருத்திய வால்வுகளில் எண்ணும் இருக்கும். இரண்டையும் அறிந்தவர்தான் டியூபைச் சரியான வாசலில் மாட்ட முடியும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஐ.டி.ஐ. பையன்கள் குறியீடுகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். “தம்பி, பேரைச் சொல்லாதே. இந்தப் பெட்டி நடப்பில் இருந்தால் காற்று எங்கே நிற்கும், அதைச் சொல்லு” என்பேன். மூன்று நிலை வால்வில் நடுப்பெட்டியின் எல்லா வாசலும் அடைபட்டிருந்தால், மெயின் காற்றை மூடிய பிறகும் சிலிண்டருக்குள் அழுத்தம் சிக்கியிருக்கும். அது தெரியாமல் டியூபைக் கழற்றினால் பிஸ்டன் சட்டென்று நகர்ந்து கையை நசுக்கிவிடும். அந்த ஆபத்தை வெளியிலிருந்து வால்வைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நடுப்பெட்டியின் குறுக்குக்கோடுகள் சொல்லும். பல நாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து அந்தக் கோடுகளுக்கு ஒரே பொருள் வைத்ததால்தான், எந்த ஊர் இயந்திரமானாலும் நம் ஃபிட்டர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே அந்த எச்சரிக்கையைப் படித்துவிட முடிகிறது.