கட்டுண்ட சவடால்

16ஆம் நூற்றாண்டு இத்தாலிய நாடக மேடைகளில் ஒரு கேப்டன் அடிக்கடி வருவான். இடுப்பில் வாள், வாய் நிறையப் போர்க்கதைகள். பார்க்கும் பெண்களெல்லாம் தன்மீது மயங்குவதாக அவனுக்கு நினைப்பு. எவராவது நிஜமாகவே வாளை உருவினால் ஓட்டம் பிடிப்பான். ஜெலோசி நாடகக் குழுவில் இந்த வேடத்தில் பெயர் வாங்கியவர் பிரான்செஸ்கோ ஆந்திரேயினி. ஒருகாலத்தில் அவரே சிப்பாயாக இருந்தவர். அவருடைய மனைவி இசபெல்லா அக்குழுவின் முதன்மை நடிகை.

மேடையில் சிரிக்க வைக்கும் இதே சவடால் தனிமையில் ஒரு பெண்ணை மறித்தால் என்ன ஆகும்? இசபெல்லா எழுதி 1588இல் அச்சான 'மிர்தில்லா' நாடகம் இதைக் காட்டுகிறது.

அதற்கு முன்பே தாஸ்ஸோவின் 'அமிந்தா' புகழ்பெற்றிருந்தது. அதில் பாதி மனிதனும் பாதி ஆடுமான சத்தீர், தன் அகன்ற தோளையும் முறுக்கேறிய கைகளையும் சொல்லிப் பெருமையடிக்கிறான். பிறகு சில்வியாவைப் பிடித்து மரத்தில் கட்டுகிறான். காதலன் வந்துதான் அவளை விடுவிக்கிறான்.

இசபெல்லா அந்தக் கட்டை அவிழ்த்து ஆணின்மேல் போட்டார். சத்தீரிடம் சிக்கிய ஃபில்லி அலறவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவுமில்லை. அவனைக் காதலிப்பதுபோல் பேசுகிறாள். இவ்வளவு பலசாலி அணைத்தால் நான் நொறுங்கிவிடுவேனே, முதலில் உன்னைக் கட்டிவிடுகிறேன் என்கிறாள். தன் பலத்தைப் பற்றிய புகழ்ச்சியில் குளிர்ந்துபோனவன் மரத்தோடு சேர்ந்து நிற்கிறான். அவள் தாடியைப் பிடித்து இழுக்கிறாள். வாயில் கசப்பு மூலிகையைத் திணிக்கிறாள். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

ஃபில்லி ஏமாற்றுக்காரி என்று சொல்வோர் இருக்கலாம். வன்முறையின் பிடியில் சொல்லப்படும் 'சரி' சம்மதமாகாது. அது தப்பிக்கும் வழி. தன்னை எந்தப் பெண்ணும் விரும்பத்தான் செய்வாள் என்று நம்பியவனுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. அவனைக் கட்டிப்போட்டது அந்த நம்பிக்கைதான்.

இங்கிலாந்தில் பெண் வேடங்களைச் சிறுவர்களே நடித்துவந்த காலம் அது. இத்தாலியிலோ ஒரு பெண் நடித்தார், எழுதினார், தன் பெயரிலேயே அச்சிட்டார். 1604இல் லியோன் நகரில், கர்ப்பிணியாக இருந்தபோது, 42 வயதில் இசபெல்லா இறந்தார். பிரான்செஸ்கோ குழுவைக் கலைத்தார். 1607இல் கேப்டனின் சவடால்களை நூலாக்கினார். அதே ஆண்டு இசபெல்லாவின் கடிதங்களும் நூலாயின. கேப்டனை அறிந்தவர்கள் பலர். ஃபில்லியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.