பத்து விநாடி ஓட்டமும் சுப்பாராவின் நீல நிறமும்

காலை நேரம். அம்பத்தூர் ரயில் நிலையம். ஆவடிப் பக்கமிருந்து வரும் மின்சார ரயில் நடைமேடைக்குள் நுழைந்துவிட்டது. மேம்பாலத்தில் நிற்கும் கல்லூரி மாணவன் ஒருவன் தடதடவென்று படிகளில் இறங்கி ஓடுகிறான். பத்தே விநாடிதான்! எப்படியோ பெட்டிக்குள் தொற்றிக்கொள்கிறான். ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஓடும்போது அவனுக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை. ஏறி நின்ற பிறகுதான் பலமாக இரைக்கிறது. ஓட்டம் முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்த இரைப்பு?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடி விஞ்ஞானிகள் பல வருடங்கள் தவறான பாதையில் போனார்கள். அவர்களைத் திருப்பிவிட்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். அந்த மாணவன் ஏறிய ரயில் சென்ட்ரலில் போய் நிற்கும்போது, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் தெரிகிறதே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, அங்கே படித்தவர். பெயர் யெல்லப்பிரகட சுப்பாராவ்.

நோபல் பரிசு பெற்ற தவறு

தசை சுருங்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது? 1907-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளைத் தசையை வைத்துச் சோதனை செய்தார்கள். களைத்துப்போன தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆக்ஸிஜன் கொடுத்தால் அது குறைகிறது என்று கண்டார்கள்.

அதன் பிறகு ஏ.வி.ஹில் தசையில் உண்டாகும் வெப்பத்தை அளந்தார். ஜெர்மனியில் ஆட்டோ மேயர்ஹாஃப் லாக்டிக் அமிலத்தின் வேதியியலை ஆராய்ந்தார். இருவருக்கும் சேர்த்து 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய அளவீடுகள் அருமையானவை. ஆனால் அவற்றிலிருந்து பிறந்த முடிவு, அதாவது லாக்டிக் அமிலம் உண்டாவதால்தான் தசை சுருங்குகிறது என்ற கொள்கை, தவறு! அன்றைக்கு அதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பீமவரத்திலிருந்து பாஸ்டனுக்கு

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறை தேறியவர். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பின் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை உடை அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழு மருத்துவப் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். மாமனார் உதவியாலும் ஒரு அறக்கட்டளையின் உதவியாலும் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். அங்கே வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவுக் கடைநிலை வேலையும் பார்த்தார்.

நிறம் ஏன் தாமதமாக வந்தது?

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்தார். இருவரும் 1925-ல் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசலில் மாலிப்டேட்டும் வேறொரு வேதிப்பொருளும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பேட் அதிகம், வெளிறி இருந்தால் குறைவு. அவ்வளவுதான். "ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை" என்று உயிர்வேதியியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

இந்த முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு வினோதம். நிறம் உடனே முழுதாக வரவில்லை. நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவதாக இருந்தால் மருந்து சரியில்லை என்று கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் கொட்டவில்லை. பாஸ்பேட் ஏதோ ஒரு பொருளோடு லேசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, சோதனைக் குழாயின் அமிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது என்று புரிந்துகொண்டார்கள். ஒட்டியிருந்த பொருள் கிரியேட்டின். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் உலகத்துக்குத் தெரியவந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் தனியாக இதைக் கண்டார்கள்.

முக்கியமான விஷயம் இதுதான். தசையைத் தூண்டி வேலை வாங்கினால் பாஸ்போகிரியேட்டின் குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மறுபடி கூடியது. செலவாகிப் பின் நிரம்பும் பணப்பை மாதிரி!

1929-ல் அடுத்த பொருள் கிடைத்தது. அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. இதை ஜெர்மனியில் மேயர்ஹாஃபின் ஆய்வகத்திலிருந்த கார்ல் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

கொள்கை கவிழ்ந்தது

1930-ல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் தவளைத் தசையில் அயோடோஅசிட்டிக் அமிலத்தைச் செலுத்தி லாக்டிக் அமிலம் உண்டாகாமல் தடுத்தார். அப்படியும் தசை சிறிது நேரம் சுருங்கியது! அப்போது செலவானது பாஸ்போகிரியேட்டின். லாக்டிக் அமிலக் கொள்கை அத்தோடு முடிந்தது. ஹில் முரண்டு பிடிக்கவில்லை. தசை இயலில் புரட்சி நடந்துவிட்டது என்று 1932-ல் அவரே எழுதினார்.

1934-ல் லோமன் அடுத்த முடிச்சை அவிழ்த்தார். பாஸ்போகிரியேட்டின் நேராக வேலை செய்வதில்லை, தீர்ந்துபோகும் ஏடிபியை அது மறுபடி நிரப்புகிறது. 1939-ல் எங்கெல்ஹார்ட், லியுபிமோவா என்ற சோவியத் விஞ்ஞானிகள் தசையின் மயோசின் புரதமே ஏடிபியை உடைக்கிறது என்று காட்டினார்கள். ஒரே ஒரு சுருக்கத்தில் ஏடிபி செலவாவதை நேரடியாக நிரூபிக்க 1962 வரை ஆனது.

மாணவனின் காலுக்குள்...

இப்போது அம்பத்தூருக்கு வருவோம். தசையில் தயாராக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் வரும். அது தீரும் முன்பே பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியைத் திரும்ப உண்டாக்குகிறது. கூடவே குளுக்கோஸ் ஆக்ஸிஜன் இல்லாமலே உடைந்து கொஞ்சம் ஏடிபி தருகிறது. இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி. வேகம் அதிகம், லாபம் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜனோடு முழுதாக எரிந்தால் சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும்.

பத்து விநாடி ஓட்டம் பெரும்பாலும் கையிருப்பிலும் கடனிலும் நடக்கிறது. ரயிலில் ஏறிய பிறகு வரும் இரைப்பு அந்தக் கடனை அடைப்பதற்கு. உள்ளே வரும் ஆக்ஸிஜனால் புது ஏடிபி உண்டாகி, இரண்டு மூன்று நிமிடத்தில் பாஸ்போகிரியேட்டினின் பெரும்பகுதி மறுபடி நிரம்பிவிடுகிறது. லாக்டிக் அமிலமும் வீணான கழிவு அல்ல. இதயம் அதை எரிபொருளாக்கும், கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கும். மறுநாள் கால் வலிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயர் எங்கே?

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தற்காலிகமாகத் தணித்த அமினோப்டெரின் எல்லாம் அவர் குழுவின் உழைப்பில் வந்தவை. 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார். கடைசிவரை இந்தியா திரும்பவில்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நோபல் பரிசு இல்லை, பெரும் புகழும் இல்லை. மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறிய ஒருவர், தாமதமாக வந்த ஒரு நீல நிறத்தை அலட்சியம் செய்யாததால், நோபல் பரிசு பெற்றவர்களின் கொள்கையே திருத்தப்பட்டது. அடுத்த முறை ரயிலைப் பிடிக்க ஓடி, மூச்சு வாங்கியபடி சென்ட்ரலில் இறங்குபவர்கள், எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியை ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்கலாம். ஓட உதவிய பொருளைக் கண்டவர் அங்கேதான் படித்தார்.