தேசவழமையும் சீதன வீடும்

யாழ்ப்பாணத் தமிழரிடையே வழங்கிய வழமைகளை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிலே திசாவை கிளாஸ் ஐசாக்ஸைக் கொண்டு தொகுப்பித்தனர். அத்தொகுப்பே தேசவழமையாகும். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்துகின்றது. ஆதியில் தந்தைவழி முதுசம் ஆண்மக்களையும், தாயின் சீதனம் பெண்மக்களையும் சார்ந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வரம்பு தளர்ந்தது. பெற்றோர் மூவகை ஆதனத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் வழங்கலாயினர். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் உரிமை கோர இயலாது. எனவே, சீதனமாக எழுதப்பட்ட வீடும் வளவும் அவளுக்குப் பெற்றோர் உயிருடனிருக்கையிலேயே கிடைத்துவிடும் வழியுரிமைப் பங்கு எனலாம்.

ஆயின், அவ்வுரிமை முழுமையானதா என்பது ஆராயத்தக்கது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாகவுரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் தனியாதனத்தை அவளுடையதென்றே ஏற்றது. எனினும், அசையா ஆதனத்தை அவள் தன் வாழ்நாளில் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிற்று. கணவன் நியாயமின்றி மறுப்பின் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். கணவன் தன் ஆதனத்தைக் கைமாற்ற மனைவியின் சம்மதம் வேண்டப்படவில்லை.

உறுதியிலே பெயர் மகளுடையது. அவ்வுறுதியைக் கைமாற்றும் அதிகாரமோ பகிரப்பட்டது. வாடகை வீட்டில் வாழ்வோருக்கில்லாத பாதுகாப்பைச் சீதன வீடு பெண்ணுக்கு அளித்ததென்பது உண்மையே. ஆயினும், பாதுகாப்பும் சுதந்திரமும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.