முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் வரவில்லை: தொடர்பு நினைவும் மூளையும்

திருமண மண்டபத்தில் எதிரே வருபவரைக் கண்டதும், தெரிந்த முகம் என்பது உடனே புலப்படுகிறது. அவர் யார், எங்கே சந்தித்தோம் என்பவை மட்டும் பிடிபடுவதில்லை. நினைவுப் பணியை மூளையின் பல பகுதிகள் பங்கிட்டுச் செய்வதே இதற்குக் காரணம்.

ஒன்றை முன்பே கண்டதாக அடையாளம் காண்பது ஒரு வகை நினைவு. முகத்தோடு பெயரையும் இடத்தையும் பிணைத்து வைப்பது தொடர்பு நினைவு. முதல் பணியில், பொட்டு மடலின் உட்புறத்திலுள்ள பெரிரைனல் புறணி முக்கியப் பங்காற்றுகிறது. பிணைக்கும் பணி, அதன் அருகே கடல்குதிரை வடிவில் அமைந்துள்ள ஹிப்போகேம்பஸை அதிகம் சார்ந்துள்ளது.

இதன் இன்றியமையாமையை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். கடும் வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953-இல், தமது 27-ஆவது வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் அதையொட்டிய திசுக்களும் அகற்றப்பட்டன. வலிப்பு தணிந்தது, ஆனால், புதிய நிகழ்வுகளை நினைவில் பதிக்கும் திறன் பறிபோனது. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் புதியவராகவே அறிமுகம் செய்துகொள்ள நேர்ந்தது. ஆயினும், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியில் மொலைசன் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார்; பயிற்சி செய்ததுதான் நினைவில் இல்லை. கைத்திறன் நினைவுக்கு வேறு பாதை உண்டு என்பது இதனால் தெளிவானது. 2008-இல் அவர் காலமானார்.

எதை எதனோடு இணைப்பது என்னும் உத்தியை வகுப்பதிலும், தேவையானதைத் தேடி எடுப்பதிலும் முன்மடல் துணைபுரிகிறது. அச்சமோ மகிழ்ச்சியோ கலந்த நிகழ்வுகள் ஆழமாகப் பதிய அமிக்டலா உதவுகிறது.

ஆனால், இந்தப் பணிப்பிரிவினை முற்றிலும் கறாரானதன்று. ‘மழை’, ‘கதவு’ என்னும் இரு சொற்களை ‘மழைக்கதவு’ என ஒரே பொருளாகக் கற்பனை செய்துகொண்டால், அந்த இணைப்பை நினைவுகூர பெரிரைனல் புறணியும் கைகொடுக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. வேறுபாடு நினைவின் வகையில் அன்று, வலிமையில்தான் என வாதிடும் அறிஞர்களும் உள்ளனர்.

முதுமையில் தனிப் பொருள்களைவிட அவற்றுக்கிடையிலான தொடர்புகளே அதிகம் மறக்கின்றன. இது இயல்பானது, பெயர் மறந்த உடனே அஞ்ச வேண்டியதில்லை. எனினும், அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸும், அதற்குத் தகவல் அனுப்பும் என்டோரைனல் புறணியும் அடங்கும். எனவேதான் நினைவாற்றல் பரிசோதனைகளில் சொல் இணைகளையும், பொருள்கள் இருந்த இடங்களையும் நினைவுகூரும் கேள்விகள் இடம்பெறுகின்றன.