சீண்டலின் வரலாறு: நார்வேயிலிருந்து ஜவ்வாது மலைவரை

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்று சொல்வதற்கு நேரான தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. கேலி, கிண்டல், நக்கல், வம்பு, ஓட்டறது என்று நம்மிடம் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சும்மா வெளையாட்டுக்குத்தான் சார்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அந்தச் சிரிப்பே போதும். இலங்கைத் தமிழர்கள் ராகிங்கைப் 'பகடிவதை' என்கிறார்கள். பகடியையும் வதையையும் ஒரே சொல்லுக்குள் வைத்தது நல்ல காரியம். ஆனால் அது பல்கலைக்கழகத்தோடு நின்றுவிட்டது. ஆறாம் வகுப்பில் ஒரு பையனை மற்றவர்கள் வருஷம் முழுக்கத் தனியாக உட்கார வைப்பதை என்னவென்று சொல்வது? இந்தக் கட்டுரையில் நான் 'சீண்டல்' என்று எழுதுகிறேன். போதாத சொல்தான்.

ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குச் சில வருஷங்களாகப் போய்வருகிறேன். மாணவர் மனநலம், சீண்டல் தடுப்பு பற்றிய ஆன்லைன் நிகழ்ச்சிகள் குறித்து அங்கே ஓர் ஆசிரியரிடம் பேச்சுக் கொடுத்தேன். "லிங்க் வந்துதுங்க சார், சிக்னல்தான் வரல" என்றார். சிரித்துவிட்டோம். அந்த லிங்க் எங்கிருந்து கிளம்பியது, ஏன் மலைக்கு வந்து சேரவில்லை என்று பின்னோக்கித் தேடிப் போனதில் கிடைத்தவை இவை.

பெயர் வைத்த கதை

1969இல் ஸ்வீடனில் பீட்டர் பால் ஹைனமான் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தத்தெடுத்து வளர்த்த மகன் கறுப்பினச் சிறுவன். அவனை மற்றப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒதுக்குவதைப் பார்த்த தகப்பன் எழுதிய கட்டுரை அது. நடப்பதற்குப் பெயர் தேடிய அவர், விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் வழியாக வந்த 'மாபிங்' என்ற சொல்லை எடுத்தார். பறவைகள் கும்பலாகச் சேர்ந்து ஒன்றைத் துரத்தித் தாக்குவதைக் குறிக்கும் சொல் அது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் சட்டென்று பரவியது.

டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் இதைக் கொஞ்சம் திருத்தினார். எப்போதும் கும்பல் வேண்டியதில்லை, ஓரிருவர் போதும் என்றார் அவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது என்று மூன்று அடையாளங்களைச் சொன்னார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வரையறைக்கு அடிப்படை இதுதான். அவருடைய ஆய்வுநூல் ஸ்வீடிஷ் மொழியில் 1973இல் வந்தது. அதற்காக எந்த அரசாங்கமும் அசைந்துகொடுக்கவில்லை. 1982இன் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சகமாணவர்களின் கொடுமை காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. 1983இல் நார்வே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகள், ஏறத்தாழ 2,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒல்வேயஸ், சீண்டல் பாதியளவு குறைந்ததாக எழுதினார்.

அவர் செய்யச் சொன்னவை எளியவை. இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் நிற்க வேண்டும். வகுப்பில் நாலைந்து விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத வேண்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். சீண்டியவனையும் சீண்டப்பட்டவனையும் தனித்தனியாக அழைத்துப் பேச வேண்டும். இதில் எதற்கும் மின்சாரம்கூடத் தேவையில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள்

அடுத்த பெரிய நகர்வு பின்லாந்தில் நடந்தது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளர் சீண்டுபவர், சீண்டப்படுபவர் இருவரையும் விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். உடன்சேர்ந்து அடிப்பவர், சிரித்து உற்சாகம் கொடுப்பவர், விலகிப்போகிறவர், குறுக்கே வந்து தடுப்பவர் என்று அவர்களில் பல வகை. சீண்டுபவனுக்கு வேண்டியது அந்தச் சிரிப்புதான். அதை நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த எண்ணத்தின்மேல் எழுந்த திட்டம் 'கிவா'. பின்னிஷ் மொழியில் 'சீண்டலுக்கு எதிராக' என்பதன் சுருக்கம். 'கிவா' என்றாலே அங்கே 'நல்லது, இனியது' என்றும் பொருள். கல்வி அமைச்சகத்தின் ஆதரவோடு உருவாகி 234 பள்ளிகளில் சோதிக்கப்பட்டு, 2009இலிருந்து நாடு முழுக்கப் போனது.

பள்ளிக்கூடத்துச் சீண்டல் தடுப்பு கணினிக்குள் பெரிய அளவில் நுழைந்தது கிவா வழியாகத்தான். பிள்ளைகள் திரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடந்துபோவார்கள். ஒருவனை மற்றவர்கள் மடக்குகிறார்கள்; நீ என்ன செய்வாய் என்று விளையாட்டு கேட்கும். ஆனால் விளையாட்டு மட்டும் தனியாகப் போகவில்லை. கூடவே வகுப்புப் பாடங்கள் உண்டு. இடைவேளையில் பளிச்சென்ற மேலங்கி போட்டு நிற்கும் ஆசிரியர் உண்டு. புகார் வந்தால் இறங்கும் குழு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. இந்தியாவில் நாம் திரையை மட்டும் எடுத்துக்கொண்டோமோ என்று எனக்குப் படுகிறது.

கிவா ஆய்வுகளிலிருந்து வந்த இன்னொரு செய்தி என்னை நிறைய நாள் தொந்தரவு செய்தது. சீண்டல் குறைந்த வகுப்புகளில், மீதமாகச் சீண்டப்படும் ஒன்றிரண்டு பிள்ளைகள் முன்னைவிட அதிகமாக உடைந்துபோகிறார்களாம். எல்லாருக்கும் நடந்தபோது 'உலகம் இப்படி' என்று நினைத்துக்கொள்ளலாம். தனக்கு மட்டும் நடந்தால் 'நான்தான் இப்படி' என்று தோன்றும். ஆக, சராசரி குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதி முடித்துவிட முடியாது. கடைசியில் நிற்கும் அந்த ஒரு பிள்ளைக்கு யார் என்பதே கேள்வி.

இங்கே

தமிழ்நாட்டிலும் ஒரு சாவுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவர். அந்த அதிர்ச்சியில் உடனே அவசரச் சட்டம் வந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டமானது. இரண்டாண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். அதே 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகடிவதையால் இறந்தார். இலங்கையில் 1998இல் சட்டம் வந்தது.

இந்தச் சட்டங்களெல்லாம் கல்லூரியை மனதில் வைத்துப் பிறந்தவை. பள்ளிக்கு வந்த சட்டங்கள் வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. அது ஆசிரியரைப் பார்த்துச் சொன்னது. 2012இன் போக்சோ பாலியல் குற்றங்களுக்கானது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை நாள்தோறும் வாயால் குத்திக்கொண்டே இருப்பதை இவை நேராகத் தொடுவதில்லை. அது ஆசிரியரின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

மலையில்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் அதன் சந்தையும் தாலுகாவும். பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். 'மலையை ஆள்பவர்' என்று விளக்கம் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் அவர்களுடைய மரபுக்கதை. இதுவே கீழே பள்ளிக்கு இறங்கும் பிள்ளைக்கு முதல் சீண்டலாகிறது. "மலையாளியா? அப்ப மலையாளத்துல பேசுடா" என்று ஆரம்பிக்கும். பேச்சின் இழுவையை ஓட்டுவார்கள். சாமைச் சோற்றை ஓட்டுவார்கள். பட்டணத்துக் கடைகளில் அதே சாமை இப்போது கூடுதல் விலைக்குப் போகிறது என்பது வேறு கதை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர சேஷாசலம் காட்டில் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அதற்குப் பிறகு இன்னொரு சீண்டல் சேர்ந்துகொண்டது. "எங்க பையன 'செம்மரம், செம்மரம்'னே கூப்புடுறாங்கண்ணா. பேரு சொல்லிக் கூப்புடறதில்ல" என்று ஓர் அம்மா சொன்னார். அந்த வீட்டில் யாரும் மரம் வெட்டப் போனவர்கள் இல்லை. போயிருந்தால் மட்டும் பிள்ளையை அப்படிக் கூப்பிடலாமா என்பது அடுத்த கேள்வி.

மலைப்பிள்ளைகளில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோர் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் கேரளா, கர்நாடகம் போய்விடும் மாதங்களில் அந்த விடுதிதான் வீடு. கீழே படிக்கும் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போய் அழலாம். விடுதிப் பிள்ளை எங்கே போகும்? சீண்டுகிறவன் பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறான். ஒரு நாள் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே ஊருக்கு நடந்துவிடும். ஊரில் யாரும் ஏனென்று ரொம்பக் கேட்பதில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறல" என்பதோடு முடியும். பதிவேட்டில் அது 'இடைநிற்றல்' ஆகிறது. காரணம் எழுதும் இடத்தில் வறுமை அல்லது இடப்பெயர்வு. சீண்டல் என்ற காரணத்தை எழுத அங்கே கட்டமே இல்லை.

மலையில் சீண்டலுக்கு வரலாறு எழுத வேண்டுமென்றால் இந்த இடைநிற்றல் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2024 பிப்ரவரியில் மலையாளிப் பழங்குடியிலிருந்து முதல் பெண்ணாக உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற ஸ்ரீபதி, ஜமுனாமரத்தூருக்கு அருகிலுள்ள புலியூரைச் சேர்ந்தவர். மலை முழுக்கப் பெருமையாகச் சொல்கிறார்கள், நியாயம்தான். அவரோடு பள்ளியில் சேர்ந்து பாதியில் காணாமல்போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

திரை வந்தது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 செப்டம்பர் 1. சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1. நடுவில் 2020 ஜூலை 21 அன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 'மனோதர்பன்' திட்டத்தைத் தொடங்கியது: இணையதளம், இலவசத் தொலைபேசி, ஆலோசகர் பட்டியல், நேரலை நிகழ்ச்சி. மாணவரின் மனநலம் தேசிய அளவில் ஒரு திட்டமாகப் பேசப்பட்டது நல்ல தொடக்கம். 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' வந்தது. 14416 என்ற எண். அதற்கு முன்பே கல்வி உதவிக்கு 14417 இருந்தது. 1996இல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் 1098 எல்லாவற்றுக்கும் மூத்தது.

இந்த எண்கள் பள்ளிச் சுவர்களில் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. மலைவிடுதிப் பிள்ளை அந்த எண்ணை எந்தப் போனில் கூப்பிடும்? பிள்ளைகளிடம் செல்போன் இல்லை, இருக்கவும் கூடாது. வார்டனிடம் கேட்க வேண்டும். "எதுக்குடா?" என்பார். பக்கத்துப் பாய்க்காரனைப் பற்றிச் சொல்ல என்று அவரிடமே சொல்ல முடிந்தால், 14416 எதற்கு? சொல்ல முடியாததால்தானே அந்த எண்.

இதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்த உலக ஆய்வகங்களின் வரிசையில் அதுவும் உண்டு. 1986இல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை அர்ப்பணித்தார். வானத்தைப் பார்க்க இந்த மலை இருட்டாக இருந்தது வசதி. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்காகப் பாறைமேல் ஏறி நின்று டவரைத் தேட வேண்டியிருந்ததற்கும் அதே ஒதுக்குப்புறம்தான் காரணம்.

நாங்குநேரிக்குப் பிறகு

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை, அவர் வீட்டுக்கே போய்ச் சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் நடந்த சீண்டலைப் பற்றி அவர் ஆசிரியரிடம் சொன்னதற்குக் கிடைத்த பதில் இது. சீண்டலைப் பற்றிப் புகார் சொல்வதே ஆபத்தாக முடியலாம் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் காட்ட முடியாது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக்கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, வளாகத்தில் மாணவர் செல்போன் கூடாது என்று பல பரிந்துரைகள். அவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது பள்ளி நல அலுவலர் என்ற பதவி. ஆசிரியரும் இல்லாத, வார்டனும் இல்லாத, பிள்ளை போய்ப் பேசக்கூடிய ஒரு முழுநேர ஆள்.

ஆனால் அந்தப் பரிந்துரை 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளுக்கானது. மலைப்பள்ளிகளில் பல அந்தக் கணக்குக்குள் வராது. பிள்ளைகள் குறைவு என்பதால் துன்பமும் குறைவு என்று ஆகிவிடாது. நாலைந்து சிறு பள்ளிகளுக்கு ஒருவர் என்று வைத்து, கானமலை, நம்மியம்பட்டு, கோவிலூர் என்று முறைபோட்டு இரவு விடுதியில் தங்கும்படி செய்யலாம். அந்த மலையின் பேச்சு தெரிந்தவராக இருப்பது நல்லது. படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

ஆன்லைன் திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆளுக்குப் பயிற்சி கொடுக்க, கடினமான நேரத்தில் அவர் கீழேயுள்ள மனநல மருத்துவரோடு பேச, அவை கட்டாயம் தேவை. லிங்க் அவருக்கு வரட்டும். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு அவர் ஏறட்டும். பிள்ளைக்கு வேண்டியது வேறு. நான் ஒரு விடுதிப் பையனிடம், பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "சமைக்கிற ஆயாகிட்ட சொல்வேன் சார்" என்றான். ஏன் என்றேன்.

"அது எங்க ஊருப் பேச்சு பேசும். யாருகிட்டயும் சொல்லாது."

எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்த ஆயா இல்லை. மலையில் இன்று பிள்ளைகளின் மனநலத்தைக் காக்கும் ஏற்பாடு அவர்தான். அவருக்கு முதலில் ஒரு பயிற்சியும், அதற்குரிய சம்பளமும் கொடுத்துப் பார்க்கலாம்.