வெண்ணெய்ப் பீப்பாய்க்கு முடிவு கட்டியது எது?

கிராமத் தொழில்கள் அழிந்ததற்கு இயந்திரத்தின் மேல் பழிபோடுவது வழக்கம். அயர்லாந்தின் தென்பகுதியில் வெண்ணெய்ப் பீப்பாய் செய்தவர்களின் வரலாறு அதற்கு முழுமையாக ஒத்துவராது. 1770 முதல் கார்க் நகரின் ஷாண்டன் பகுதியில் இயங்கிய வெண்ணெய்ச் சந்தைக்கு, சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளில் பெண்கள் கடைந்த வெண்ணெய் வந்து குவிந்தது. உப்புக் கூட்டி, ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும் 'ஃபிர்கின்' என்ற சிறு மரப்பீப்பாயில் அதை இறுக அடைத்து அனுப்பினார்கள். சந்தையில் தரம் பிரித்த பிறகு கரீபியத் தீவுகள் வரைகூட அது கப்பலேறியது. வெப்பக்கடல் பயணத்தைத் தாங்க மிகுந்த உப்பு வேண்டும். உப்புநீர் கசியாத பீப்பாயும் வேண்டும். ஆணியோ பசையோ இல்லாமல், வளையங்களின் இறுக்கத்தாலேயே பலகைகளை ஒன்றுசேர்க்கும் கைத்திறனுக்கு அந்தத் தேவைதான் சோறு போட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. பிரிட்டனின் நகரவாசிகள் உப்புக் குறைந்த, எப்போதும் ஒரே தரத்தில் கிடைக்கும் வெண்ணெயை விரும்பினார்கள். டென்மார்க் அதைக் கொடுத்தது. வெண்ணெய்க்கு மாற்றான, விலை குறைந்த மார்கரின் மறுபக்கம் நெருக்கியது. கூட்டுறவு இயக்கத்தை முன்னெடுத்த ஹோரஸ் பிளங்கெட்டின் முயற்சியால் 1889இல் லிமெரிக் மாவட்டத்து டிரம்கொலொகரில் கூட்டுறவுப் பாலாலை தொடங்கியது. அத்தகைய ஆலைகள் பரவியதும் வீட்டிலிருந்து வெண்ணெய்க்குப் பதிலாகப் பாலே வெளியேறியது. பெண்களின் கைக்கு வந்த வெண்ணெய்க் காசும் குறைந்தது. ஆலை வெண்ணெய் பெட்டிகளில் போனது. கார்க் சந்தை 1924இல் மூடப்பட்டது.

அந்த ஆலைகளில் பாலாடையைப் பிரித்த கருவியும் இயந்திரம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது பீப்பாய் செய்யவில்லை. பீப்பாய்க்காரரைவிடச் சிறப்பாகப் பீப்பாய் செய்து எந்த இயந்திரமும் அவரைத் தோற்கடிக்கவில்லை. அவருடைய பீப்பாயைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பிழைப்புப் போனவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. அதற்கு அதே தொழிலின் மற்ற கிளைகள் விடை தருகின்றன. டப்ளினின் கின்னஸ் மதுவாலையில் 20ஆம் நூற்றாண்டிலும் பீப்பாய்க்காரர்கள் இருந்தார்கள். அங்கே உலோகப் பீப்பாய் நேரடியாகவே அவர்கள் இடத்தைப் பிடித்தது. ஐரிஷ் விஸ்கியையோ குறைந்தது 3 ஆண்டுகள் மரப்பீப்பாயில் முதிர்விக்க வேண்டும் என்பது சட்டம். சுவைக்கும் மரம் தேவை. ஆகவே விஸ்கித் தொழிலில் இந்தக் கைவினை இன்றும் பிழைத்திருக்கிறது. ஒரே கைத்திறன் ஓரிடத்தில் வாழவும் இன்னோரிடத்தில் மடியவும் காரணம், செய்த பொருளுக்கு இருந்த தேவைதான். கருவிகளை அருங்காட்சியகத்தில் வைத்தோ இளைஞருக்குப் பயிற்சி தந்தோ நினைவைக் காக்கலாம். வாங்குபவர் இல்லாமல் தொழிலைக் காக்க முடியாது.